கணனிக்கு ஞாபக மறதி வந்தால்...

"அம்மா, கம்பியூட்டர் கத்துது! திரையில ஒண்டும் வரேல்ல!"

இடியப்பம் அவித்துக்கொண்டிருந்த நான் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிப் போனேன். உள்ளே மின்விசிறி சுற்றுகிறது. திரை கறுப்பாகக் கிடக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்று விட்டுவிட்டுச் சத்தம். மறுநாள் கொடுக்க வேண்டிய ஒப்படை அதற்குள்தான் இருக்கிறது என்று மகள் கண் கலங்கி நின்றாள்.

சீட்டுக் காசில் 35,000 ரூபா கொடுத்து அந்தப் பாவித்த கணனியை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. திருத்தும் இடத்துக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த தம்பி மின்சாரத்தைக் கொடுத்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மதர்போட் முடிஞ்சுது அக்கா. மாத்திறதெண்டால் 14,000 வரும்" என்றார். பெட்டியின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை.

வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, அயல் வீட்டில் இருக்கும் கணனிப் பாட ஆசிரியை வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, ரெம்மை ஒவ்வொண்டாய்ப் போட்டுப் பார்த்தீங்களா?"

அந்தக் கேள்வி எங்களுக்கு 14,000 ரூபாவை மிச்சப்படுத்தித் தந்தது. அன்று படித்த பாடத்தை எல்லாச் சகோதரிகளுடனும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

ரெம் என்பது என்ன?

ஹாட் டிஸ்க் எமது அலுமாரி போன்றது. சாமான்கள் அங்கே நிரந்தரமாக இருக்கும். ரெம் சமையல் மேசை போன்றது. அப்போதைக்கு வேண்டியதை எடுத்து வைத்து வேலை செய்யும் இடம். மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். அலுமாரியில் உள்ளது அப்படியே இருக்கும். ஆகவே ரெம் பழுதானால் பிள்ளையின் ஒப்படை அழிந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

ரெம் என்பது ஒரு சாணைவிடக் குறைந்த நீளமுள்ள மெல்லிய பலகைத் துண்டு. மதர்போட்டில் இருக்கும் நீண்ட பள்ளங்களில் அது செருகப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தைத்தான் ஸ்லொட் என்கிறோம். சில கணனிகளில் 2 ஸ்லொட், சிலவற்றில் 4. டி.டி.ஆர். 3 வகை ரெம்மில் 240 தொடுமுனைகளும், டி.டி.ஆர். 4 வகையில் 288 தொடுமுனைகளும் உண்டு. இவற்றில் ஒன்றிரண்டில் தூசியோ களிம்போ பிடித்தாலே கணனி எழும்பாமல் போகலாம். பல வருடம் ஓர் அலுவலகத்தில் ஓடி, பின்னர் களஞ்சியத்தில் கிடந்து, கைமாறி வந்த கணனிக்கு இது புதுமையல்ல. உப்புக் காற்று வீசும் கரையோர வீடுகளில் இன்னும் அதிகம்.

திறப்பதற்கு முன்

முதலில் சுவிட்சை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றுங்கள். பின்னர் கணனியின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியுள்ள மின்சாரம் வெளியேறிவிடும். பெட்டியின் வெறும் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எமது உடலில் சேரும் நிலைமின் ரெம்மைக் கெடுக்கக்கூடியது. மின்சாரம் வழங்கும் சிறு பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஸ்லொட்டின் நுனியில் உள்ள பிடியை வெளிப்பக்கமாகத் தள்ளினால் ரெம் மேலெழும்பும். ஓரங்களில் மாத்திரம் பிடித்து எடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக்கூடாது.

தொடுமுனைகளை மென்மையான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். மை அழிக்கும் கரடுமுரடான அழிறப்பர் வேண்டாம், பொன்பூச்சு உரிந்துவிடும். ஸ்லொட்டைக் காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போகும்.

திரும்பச் செருகும்போது ரெம்மில் உள்ள வெட்டும் ஸ்லொட்டில் உள்ள மேடும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒன்றில் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அது வேறு வகை ரெம். பலவந்தம் வேண்டாம். சரியாகப் பொருந்தினால் இரு முனைகளையும் அழுத்தும்போது 'டிக்' என்று பிடி பூட்டும். பல கணனிகள் இந்த அளவிலேயே உயிர் பெற்றுவிடும்.

ஒரு தாளும் ஒரு பேனையும்

எங்கள் கணனி சுத்தம் செய்த பிறகும் கத்தியது. அப்போது ஆசிரியை மகளிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னார். எங்களிடம் இருந்தவை 4 ஜீ.பீ. ரெம் இரண்டு. அவற்றுக்கு 'அ', 'ஆ' என்று பெயரிட்டு ஒட்டினோம். அவை செருகப்பட்டிருந்தது 2ஆம், 4ஆம் ஸ்லொட்களில். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, முடிவை உடனே எழுதுவது என்பதே விதி. ஒவ்வொரு தடவையும் வயரைக் கழற்றிய பிறகே கையை உள்ளே வைத்தோம்.

'அ' தனியாக 2இல்: எழும்பியது.
'ஆ' தனியாக 2இல்: எழும்பியது.
'அ' தனியாக 4இல்: பீப்.
'ஆ' தனியாக 4இல்: பீப்.

தாளைப் பார்த்த மகளே சொல்லிவிட்டாள்: "அம்மா, ரெண்டு ரெம்மும் நல்லம். நாலாவது ஸ்லொட்தான் பழுது!"

இரண்டையும் 1இலும் 3இலும் போட்டோம். திரையில் 8 ஜீ.பீ. என்று வந்தது. மதர்போட்டும் மாற்றவில்லை, ரெம்மும் வாங்கவில்லை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் ரெம் விலை வெகுவாக ஏறியதை நினைத்தால், நல்ல ரெம்மைப் பழுது என்று வீசுவது எத்தனை நட்டம்!

மாறாக, ஒரு ரெம் எந்த ஸ்லொட்டில் போட்டாலும் எழும்பாமல், மற்றது எல்லாவற்றிலும் எழும்பினால் பழுது ரெம்மில்தான்.

அளவு குறைவாகக் காட்டினால்

8 ஜீ.பீ. போட்டும் 4 என்று காட்டினால் பெரும்பாலும் ஒரு ரெம் சரியாகப் பூட்டவில்லை, அல்லது ஒரு ஸ்லொட் வேலை செய்யவில்லை. ஆனால் 32 பிட் விண்டோஸ் போடப்பட்டிருந்தால் எவ்வளவு போட்டாலும் 4 ஜீ.பீ.க்கு மேல் பயன்படுத்தாது. அது பழுதல்ல.

கணனி எழும்பி, இடைக்கிடை நீலத் திரை வந்து நின்றால் விண்டோசிலேயே இருக்கும் 'மெமரி டயக்னோஸ்டிக்' சோதனையை ஓட விடுங்கள். அதற்குக் காசில்லை.

எப்போது திருத்துபவரிடம் போவது?

எந்த ரெம்மை எந்த ஸ்லொட்டில் போட்டாலும் எழும்பாவிட்டால், தீய்ந்த மணம் வந்தால், மதர்போட்டில் உருளைகள் வீங்கியிருந்தால் தயங்காமல் கொண்டு போங்கள். புரொசசர் இருக்கும் இடத்தில் ஓர் ஊசி வளைந்தாலும் ஸ்லொட் வேலை செய்யாமல் போகலாம். அதில் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் உங்கள் தாளையும் கொண்டு போங்கள். "எந்த ஸ்லொட்டில எதைப் போட்டுப் பார்த்தீங்கள்?" என்று கேளுங்கள். கேட்பவரிடம் கதை விடுவது கஷ்டம்.

வாங்கும்போதே கவனம்

பாவித்த கணனி வாங்கும்போது எல்லா ஸ்லொட்டிலும் ரெம்மைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் டாஸ்க் மனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லொட், எத்தனை பயன்பாட்டில் என்று தெரியும். மலிவு என்று சேர்வர் ரெம்மை வாங்கிவிட வேண்டாம். அவற்றில் பல சாதாரண கணனியில் வேலை செய்யாது. உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அந்த ஒப்படை மறுநாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மகள் எழுதிய தாளைக் கணனிப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம். போன கிழமை எனது தங்கை வீட்டுக் கணனி கத்தியபோது, மகளே ஓர் அழிறப்பரையும் பேனையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.