ஒரே வாளித் தண்ணீர் எல்லாத் தரைக்கும் ஆகாது

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நம் வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். திரைச்சீலையை மாற்ற வேண்டும், மின்விசிறியைத் துடைக்க வேண்டும், தரை பளிச்சென்று இருக்க வேண்டும். கடைக்குப் போனால் எலுமிச்சை மணம், லாவெண்டர் மணம் என்று அலமாரி நிறையப் போத்தல்கள். வாசனை பார்த்து ஒன்றை வாங்கி, வாளியில் தாராளமாக ஊற்றி, அதே வாளியோடு வீடு முழுக்கச் சுற்றி வந்துவிடுகிறோம்.

சிங்கப்பூரில் ஒரே வீவக வீட்டுக்குள் இரண்டு மூன்று வகைத் தரை இருப்பது சாதாரணம். வரவேற்பறையில் டைல்ஸ் அல்லது மார்பிள், படுக்கையறையில் பார்க்கெட் அல்லது வினைல், குளியலறையில் சிறிய டைல்ஸ். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. போத்தலைத் திறப்பதற்கு முன், நம் தரை எது என்று தெரிந்துகொள்வோம்.

எந்தத் தரையானாலும் முதல் வேலை ஒன்றுதான்: நன்றாகக் கூட்டுங்கள், அல்லது தூசு உறிஞ்சியால் எடுங்கள். மணல் துகளோடு மாப் போட்டால், உப்புத்தாள் கொண்டு தேய்த்த மாதிரிதான்.

மார்பிள்: புளிப்பு ஆகாது

மார்பிள் கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எந்தப் புளிப்புப் பொருள் பட்டாலும் அது கரையும். எலுமிச்சைச் சாறு, வினிகர், ரசம், தயிர் எல்லாம் இதில் அடங்கும். சிந்திய இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் விழும். அது கறை இல்லை, கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகாது, மெருகு போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே ‘வினிகர் கலந்து துடைத்தால் பளபளக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பு மார்பிளுக்குப் பொருந்தாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள்.

டைல்ஸ்: சோப்பு மிஞ்சினால் வழுக்கும்

வீட்டுத் தரைகளில் பொறுமைசாலி டைல்ஸ்தான். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள சிமெண்டுக் கோடுகள் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். கடுமையான அமிலம் ஊற்றினால் அந்தச் சிமெண்டே கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள்.

துடைத்த பிறகும் காலில் பிசுபிசு என்று ஒட்டுகிறதா? பெரும்பாலும் அது அழுக்கு இல்லை, அலசாமல் விட்ட சோப்புப் படலம். அதன்மேல் தூசு ஒட்டும், ஈரம் பட்டால் வழுக்கும். திரவத்தைக் குறைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் சரியாகிவிடும்.

பார்க்கெட், லாமினேட், வினைல்: ஈரத்தில் கவனம்

பார்க்கெட் உண்மையான மரம். லாமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. இரண்டுமே தண்ணீர் குடித்தால் உப்பிவிடும். மாப்பைச் சொட்டுச் சொட்டாக வடியாத அளவுக்குப் பிழியுங்கள். நீராவி மாப் இவற்றுக்கு வேண்டாம்.

வினைல் மேற்பரப்பைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் இணைப்புகள் வழியே அடியில் இறங்கினால் காய வழியில்லை. சூடான சட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதியும் வேண்டாம். ரப்பரில் உள்ள வேதிப்பொருள் வினைலில் ஊறி மஞ்சள் கறையாகத் தங்கிவிடும். துணிக் கால்மிதியே நல்லது.

பண்டிகைக் கறைகள்

குங்குமம் கொட்டினால் ஈரத் துணியை எடுக்காதீர்கள், சாயம் பரவும். முதலில் காய்ந்தபடியே அள்ளுங்கள் அல்லது உறிஞ்சியால் எடுங்கள். மெழுகு சிந்தியிருந்தால் பனிக்கட்டியை ஒரு பைக்குள் போட்டு அதன்மேல் வையுங்கள். இறுகியதும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பினால் வந்துவிடும். விளக்கெண்ணெய் கல்லில் ஊறிவிட்டால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். வண்ணக் கோலத்தை மார்பிள்மீது நேராகப் போடாமல், ஒரு பலகையில் போடுவது நிம்மதி.

குளியலறை: கலக்கவே கூடாதவை

கறை போகவில்லை என்று பிளீச் ஊற்றி, அதன்மேல் கழிவறை சுத்தப்படுத்தும் திரவத்தையும் ஊற்றுபவர்கள் உண்டு. அந்தத் திரவங்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது. பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். வினிகர் சேர்த்தாலும் அப்படியே. அம்மோனியா உள்ள திரவத்தோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். கண் எரியும், இருமல் வரும், மூச்சு முட்டும். அப்படி நேர்ந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 995ஐ அழையுங்கள்.

குளியலறைத் தரைக்கு அடியில் நீர் கசியாமல் தடுக்கும் படலம் ஒன்று இருக்கிறது. அது பழுதானால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். பழுதுபார்ப்பில் மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவருக்கும் பொறுப்பு உண்டு. புதிய வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை டைல்ஸைப் பெயர்க்க அனுமதி இல்லாததற்கும் இந்தப் படலமே காரணம். ஆகவே கோடுகளில் சிமெண்டு உதிர்ந்திருந்தால் சும்மா விடாதீர்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில்

தாத்தா பாட்டி உள்ள வீட்டில் பளபளப்பைவிட வழுக்காத தரையே முக்கியம். அவர்கள் நடமாடாத நேரத்தில் மாப் போடுங்கள். காற்றாடியைப் போட்டு முழுக்க உலரவிட்ட பிறகே உள்ளே விடுங்கள். 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் வசிக்கும் வீவக வீடுகளுக்கு ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் மானியத்தோடு குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சு போட்டுத் தருகிறார்கள். கைப்பிடிக் கம்பிகளும் உண்டு. இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் வீவகவிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒவ்வொரு போத்தல்மீதும் எந்த அறைக்கு, எத்தனை மூடி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் காட்டிச் சொல்லுங்கள். யார் மாப்பை எடுத்தாலும் அளவு மாறாது.