நட்சத்திர ஆமைக்கும் ஒரு சர்வதேசச் சட்டம்!

2025 ஜூலையில் எங்கள் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஊரே பெருமைப்பட்டது. ராஜகிரியின் கல்லுக்கும் மதிலுக்கும் சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ரொம்ப சந்தோஷம்! உயிரில்லாத கல்லுக்கே இப்படியென்றால், இதுபோன்ற வறண்ட புதர்க்காடுகளில் ஊர்ந்து பிழைக்கும் ஜீவனுக்கு? அதற்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே. இல்லத்தரசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் அன்னக்கூடையைத் திறந்து காட்டினாள். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள்.

"கொல்லி ஓரமா கெடைச்சுதுக்கா. வீட்ல வெச்சா பணம் சேருமாம்!"

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. நீ ரெண்டையும் சேர்த்துக் கூப்புடறியேம்மா!" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. விஷயம் தெரிந்ததும் அவள் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிட்டாள்.

கடல் கடக்கும் ஆமை

அழகுக்காகவும் அதிர்ஷ்டத்துக்காகவும் வெளிநாடுகளிலும் இந்த ஆமைக்குக் கிராக்கி. பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்பட்ட ஆமைகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும் அல்லவா? அதனால்தான் 1973-ல் வாஷிங்டனில் 'சைட்டிஸ்' என்ற ஒப்பந்தம் உருவானது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. இந்தியா 1976-ல் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் ஜெனீவா மாநாட்டில் இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், செனகல் நாடுகள் கேட்டுக்கொண்டபடி, நட்சத்திர ஆமை முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புலி இருக்கும் பட்டியல் அது! காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்காக நாடு கடத்தவே கூடாது.

ஆனால் சைட்டிஸ் முக்கியமாகப் பார்ப்பது வியாபாரத்தைத்தான். வாயில்லா ஜீவனின் வலியை அல்ல. 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில், விலங்குகளின் நலனுக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இல்லையே என்று நமது உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. 2023-ல் அதே நீதிமன்றம் ஜல்லிக்கட்டை அனுமதித்தது வேறு கதை. அந்த ஒப்பந்தம் மட்டும் இன்னும் வரவில்லை.

குழந்தை உள்ள வீட்டில்...

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் 'சால்மொனெல்லா' கிருமி இருக்கலாம். ஆமையைத் தொட்ட விரலைக் குழந்தை வாயில் வைத்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரக்கூடும். இதனால்தான் 1975-ல் அமெரிக்கா, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதற்குத் தடை போட்டது.

நாம் செய்ய வேண்டியது

* வெளியில் ஆமையைக் கண்டால், அதன் வழியில் விட்டுவிடுங்கள்.
* வீட்டில் யாராவது வைத்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.
* புண்ணியம் என்று கிணற்றிலோ கோயில் குளத்திலோ போடாதீர்கள். இது தரை ஆமை. தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும்.
* தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஜெனீவாவில் போட்ட கையெழுத்து விமான நிலையம் வரைதான் காவல் காக்கும். நம் வீட்டு வாசலில் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.