அடைக்கோழி: குஞ்சா, முட்டையா?

2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவற்றில் நம் வீட்டுக் கோழிகளும் அடங்கும். உங்களிடம் இரண்டு மூன்று கோழிகளே இருக்கலாம். அவற்றைப் பெருக்க மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை. ஓர் அடைக்கோழி போதும். கூட்டைவிட்டு இறங்காமல், கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும் கோழி அடைக்கு வந்துவிட்டது. அது முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். ஆகவே உங்களுக்கு எது தேவை என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

குஞ்சு தேவையானால்:
• சேவலோடு திரியும் கோழிகள் இட்ட, ஒரு கிழமைக்கு உட்பட்ட 10 முட்டைகள் வரை வையுங்கள். பண்ணை முட்டை பொரிக்காது.
• மணலும் வைக்கோலும் இட்ட பெட்டியை இருட்டான, கீரி புகாத மூலையில் வைத்து, இரவில் கோழியை அமர்த்துங்கள்.
• பக்கத்தில் தீனும் தண்ணீரும் இருக்கட்டும். தினமும் ஒரு தடவை கோழி இறங்குவது நல்லது.
• ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்போடாத முட்டைகளை அகற்றுங்கள். 21ஆம் நாளளவில் குஞ்சு பொரிக்கும்.

முட்டை தேவையானால்:
• முட்டைகளை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.
• கம்பிவலைத் தரையுள்ள கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, தீனும் தண்ணீரும் கொடுத்து, மூன்று நான்கு நாட்கள் கோழியை அதில் விடுங்கள். வயிற்றில் காற்றுப்பட அடை தெளியும்.
• தண்ணீரில் முக்குவதும் பட்டினி போடுவதும் வேண்டாம். அது கோழியை வதைப்பதாகும்.

பொரித்த குஞ்சுகளைக் காகம், பருந்திடமிருந்து காத்து, தடுப்பு மருந்து பற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.