இயங்குதள நிறுவல் பாதியில் நின்றால்...

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அதன் விளைவாக, பல ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கணினிகளிலும் புதிய இயங்குதளத்தை நிறுவ வேண்டிய தேவை எழுந்திருக்கிறது. நிறுவல் தொடங்கிச் சிறிது நேரத்தில் திரை கறுத்து நின்றுவிடுவதும், புரியாத எண்களுடன் ஒரு பிழைச்செய்தி தோன்றுவதும் பலருக்கும் நேரும் அனுபவங்கள். அப்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம் போன்ற ஊர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. 2002-ஆம் ஆண்டில் எச்.பி. நிறுவனமும் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசும் இணைந்து, சாந்திபுரம் மண்டலத்தை உள்ளடக்கிய குப்பம் தொகுதியில் 'ஐ-கம்யூனிட்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கின. சமூகத் தகவல் மையங்களின் வழியே கிராம மக்களுக்குக் கணினிச் சேவைகளைக் கொண்டுசேர்ப்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. மையத்தில் இருந்த கணினியைப் பேணும் பொறுப்பு மையத்தை நடத்தியவருடையது. இன்று கணினி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதைப் பேணும் பொறுப்பும் வீட்டாருடையதாகிவிட்டது. பட்டு வளர்ப்பின் வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், வருமான வரிக் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள் என அனைத்தும் அந்த ஒரே வன்தட்டில் இருக்கக்கூடும்.

ஆகவே, ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. நிறுவல் தோற்றதனால் மட்டும் ஆவணங்கள் அழிந்துவிடுவது அரிது. தோற்றபின் பதற்றத்தில் அழுத்தும் ஒரு பொத்தானே பெரும்பாலும் அவற்றை அழிக்கிறது.

முதலில் நிதானம்

இயங்குதளத்தை மாற்ற இரு வழிகள் உண்டு. பழைய இயங்குதளத்தின் உள்ளிருந்தே புதியதற்கு மாறுவது மேம்படுத்தல். பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, புதிதாக நிறுவுவது தூய நிறுவல். நின்றுபோனது இவற்றுள் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மேம்படுத்தல் தோற்றால், விண்டோஸ் பொதுவாகத் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை மின்சாரத்தைத் துண்டிக்காமல் காத்திருப்பதே சரி. மேம்படுத்தல் வெற்றி பெற்ற பிறகும், 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பிச் செல்லும் வசதி உண்டு.

தூய நிறுவலில் நிலைமை வேறு. வன்தட்டின் எந்தப் பிரிவில் நிறுவுவது என்று கேட்கும் திரை வரும்வரை வட்டில் எதுவும் மாறுவதில்லை. அந்தத் திரையில் 'டெலீட்', 'ஃபார்மட்' ஆகிய சொற்களுள் ஒன்றை அழுத்தினாலோ, பிரிவு ஒன்றைத் தேர்ந்து மேற்சென்றாலோதான் மாற்றம் நிகழும். அந்த எல்லையை நீங்கள் இன்னும் தாண்டவில்லை எனில், உங்கள் ஆவணங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திரையில் உள்ள செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கணினியை நிறுத்திவிடலாம்.

ஆவணங்களை வெளியே எடுத்தல்

விண்டோஸ் தொடங்காவிட்டாலும் வன்தட்டில் உள்ளவற்றைப் படியெடுக்க முடியும். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களைப் பென்டிரைவிலிருந்தே, வட்டில் நிறுவாமல், சோதித்துப் பார்க்கும் முறையில் இயக்கலாம். அவ்வாறு இயக்கி, பழைய வட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை வேறொரு வெளிவட்டில் சேமித்துக்கொள்ளலாம். இதற்குத் தேவையான பென்டிரைவை நண்பர் ஒருவரின் கணினியில் தயாரித்துக்கொண்டால் போதும்.

வட்டு 'பிட்லாக்கர்' என்னும் மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியீடு தேவைப்படும். அண்மைக் காலக் கணினிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலேயே இந்தப் பூட்டு செயல்படத் தொடங்கியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே கணினியை அமைத்தவர்கள், அதே கணக்கினுள் கைப்பேசி மூலம் நுழைந்து குறியீட்டைக் காணலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பிட்லாக்கர் பூட்டு இருந்த கணினிகளை மீட்க, இந்தக் குறியீட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நிறுவலைத் தொடங்கும் முன்பே அதைத் தாளில் எழுதி, வங்கிக் கணக்குப் புத்தகம் இருக்கும் அலமாரியில் வைப்பது நல்ல பழக்கம்.

பிழை எண் சொல்லும் செய்தி

பிழை எண்கள் மிரட்டுவதற்காக அமைந்தவை அல்ல. எங்கே, ஏன் நின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்பவை. 80070070 என்று முடியும் எண், வட்டில் இடம் போதவில்லை என்று பொருள்படும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி கொள்ளளவுள்ள வட்டு வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் வரையறை. தேவையற்ற கோப்புகளை அகற்றிவிட்டு மீண்டும் முயலலாம்.

சி1900101 என்று தொடங்கும் எண், பெரும்பாலும் 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருளில் சிக்கல் இருப்பதைக் காட்டும். அதனுடன் ஒரு கோடிட்டு இரண்டாம் எண் ஒன்றும் வரும். தொடக்கத்தில் உள்ள சுழியத்தையும் எக்ஸ் எழுத்தையும் விட்டுவிட்டால், அந்த இரண்டாம் எண்ணின் முதல் இலக்கமே நிறுவல் நின்ற கட்டத்தைச் சொல்லும். 1 எனில் பழைய விண்டோஸ் இயங்கிக்கொண்டிருந்தபோதே நின்றது. 2 எனில் கணினி அணைந்து, இடைக்காலச் சூழலில் கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது நின்றது. 3 எனில் புதிய இயங்குதளம் முதன்முறை தொடங்கும்போது, 4 எனில் இறுதி அமைப்பின்போது நின்றது. எடுத்துக்காட்டாக, இரண்டாம் எண் 20017 என்றிருந்தால் சிக்கல் இடைக்காலச் சூழலில் நேர்ந்தது என்று அறியலாம்.

இத்தகைய நிலையில் அச்சுப்பொறி, வருடி, கூடுதல் வட்டுகள் முதலிய புறக்கருவிகளைக் கழற்றிவிட வேண்டும். வெளி நிறுவனங்களின் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை நீக்க வேண்டும். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இயக்கி மென்பொருள்களைப் புதுப்பித்து மீண்டும் முயல வேண்டும். பல நேரங்களில் இதுவே போதுமானது.

அடிக்கடி காணப்படும் நான்கு தடைகள்

முதலாவது, பென்டிரைவிலிருந்து கணினி தொடங்காமை. நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே படியெடுத்தால் போதாது. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிபி அளவை எட்டிய தனிக்கோப்பு ஏறாது. விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்பு பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். குறைந்தது 8 ஜிபி கொண்ட பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் இலவசமாக அளிக்கும் 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் தயாரிப்பதே முறை. அந்தப் பென்டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாவது, வன்தட்டே பட்டியலில் தோன்றாமை. இதைக் கண்டதும் வட்டு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவோர் உண்டு. இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதலான கணினிகள் பலவற்றில், வட்டைக் கையாளும் இன்டெல் இயக்கி மென்பொருளைத் தனியே ஏற்றினால்தான் வட்டு தென்படும். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை இறக்கி, பென்டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' என்னும் தேர்வின் வழியே ஏற்றலாம்.

மூன்றாவது, வட்டில் எம்.பி.ஆர். அட்டவணை இருப்பதால் நிறுவ இயலாது என்னும் செய்தி. பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டுக்கும் புதிய யூ.இ.எஃப்.ஐ. தொடக்க முறைக்கும் உள்ள பொருத்தமின்மையே இதன் காரணம். பெரும்பாலான இழப்புகள் நேர்வது இங்குதான். 'டிஸ்க்பார்ட்' கட்டளையில் 'கிளீன்' என்று எழுதினால் சிக்கல் தீரும் என்று அறிவுரை கிடைக்கும். சிக்கல் தீரும் என்பது உண்மை. வட்டிலுள்ள எல்லாப் பிரிவுகளும், டி டிரைவில் இருந்த ஆவணங்களும் சேர்ந்தே போய்விடும் என்பதும் உண்மை. பிரிவுகளை அழிக்காமல் ஜி.பி.டி. முறைக்கு மாற்ற உதவும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்னும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10-இலேயே இடம்பெற்றுள்ளது. அதைப் பயன்படுத்தும் முன்னரும் படியெடுப்பு கட்டாயம்.

நான்காவது, இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது என்னும் செய்தி. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் இதற்குக் காரணமாகலாம். யூ.இ.எஃப்.ஐ. அமைப்புகளில், இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்றும் அது காணப்படும். செயலியே பழையது எனில், குறுக்கு வழிகளில் நிறுவுவதைத் தவிர்க்கலாம். தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே கூறியுள்ளது.

அத்தகைய கணினிகளுக்கு வேறு வழிகள் உண்டு. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை என அறிவிக்கப்பட்டன. கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளங்கள் பழைய கணினிகளிலும் நன்கு இயங்குகின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது.

உதவி என்ற பெயரில் வரும் ஆபத்து

திரையில் பிழை எண்ணைக் கண்டவர் அடுத்துச் செய்வது, 'உதவி மைய எண்' என்று இணையத்தில் தேடுவதுதான். மோசடிக்காரர்கள் காத்திருக்கும் இடமும் அதுவே. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. எண் இருந்தால் அந்தச் செய்தியே போலி.

மறுமுனையில் பேசுபவர், தொலைவிலிருந்து கணினியையோ கைப்பேசியையோ இயக்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். எனிடெஸ்க் செயலியைப் பயன்படுத்தி இவ்வாறு நடக்கும் மோசடி குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலியில் தோன்றும் எண்ணை ஏமாற்றுபவரிடம் சொல்லி, அவர் கேட்கும் அனுமதிகளையும் அளித்துவிட்டால், கருவி அவர் கைக்குப் போய்விடும். பிறகு ஓ.டி.பி.யைக் கேட்க வேண்டிய தேவைகூட அவருக்கு இராது. வரும் குறுஞ்செய்தியைத் தாமே படித்துக்கொள்வார். இத்தகைய வலையில் சிக்கிவிட்டதாக ஐயம் எழுந்தால், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றிச் சொன்னால், பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும்.

இலவசமாகக் கிடைக்கிறதென்று உரிமமற்ற விண்டோஸ் கோப்புகளையும், அவற்றை இயங்கச்செய்யும் 'ஆக்டிவேட்டர்' நிரல்களையும் நாடுவதும் இதற்கு ஈடான ஆபத்தே. கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் அவற்றினுள் மறைந்திருக்கக்கூடும். நிறுவல் வெற்றி பெற்றது போலவே தோன்றும். இழப்பு பின்னர்தான் தெரியவரும்.

கடையில் கொடுக்கும்போது

எல்லாம் செய்தும் நிறுவல் மீண்டும் மீண்டும் வெவ்வேறு இடங்களில் நின்றால், நினைவகமோ வட்டோ பழுதாகியிருக்கலாம். அப்போது பழுதுபார்ப்பவரை நாடுவதே அறிவுடைமை. ஆவணங்கள் எந்த வட்டில் உள்ளன, எவற்றை அழிக்கக் கூடாது என்பதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஃபார்மட் செய்யலாமா' என்ற கேள்விக்கு, படியெடுப்பு முடிந்ததைக் கண்ணால் கண்ட பிறகே சம்மதிக்க வேண்டும். இணைய வங்கிக் கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லத் தேவையில்லை. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் இருப்பின், கணினியைக் கையளிக்கும் முன் கைப்பேசியிலிருந்து அவற்றை மாற்றிவிட வேண்டும்.

புதிய இயங்குதளம் இயங்கத் தொடங்கியதும், முதல் பணி புதுப்பிப்புகளை முழுமையாக ஏற்றுவது. அடுத்தது, படியெடுத்த ஆவணங்களைத் திரும்ப வைத்து, திறந்து சரிபார்ப்பது. இணைய வங்கிச் சேவைக்குள் நுழைவது அதன் பிறகே. அப்போதும் வங்கியின் முகவரியைத் தேடுபொறியில் தேடாமல், நீங்களே தட்டச்சு செய்வது பாதுகாப்பானது. வெளிவட்டில் உள்ள படிகளை, கணினி சரியாகிவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை நிறுவல் பாதியில் நின்றாலும், நிதானமாக இருக்க அவையே துணை.