மஞ்சள் மண்ணுக்கு இரையானவர்கள்

அணுகுண்டைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை உலகில் இல்லை. அந்தக் குண்டுக்கு வேண்டிய தாதுவைப் பாதாளத்தில் இறங்கி வெட்டிக் கொடுத்த தொழிலாளியைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? நாம் இன்று பேச விரும்புவது அவனைப் பற்றித்தான், தோழர்களே!

அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடப்பது நவஹோ மக்களின் நாடு. வெள்ளையர் காலடி படுமுன்பே அங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1944 முதல் 1986 வரை அந்த மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட யுரேனியத் தாது ஏறத்தாழ 3 கோடி டன்! தோண்டியவை தனியார் கம்பெனிகள். வாங்கியது அமெரிக்க சர்க்கார். 1960-களின் நடுப்பகுதி வரை வேறு வாடிக்கையாளரே கிடையாது. நவஹோ மொழியில் யுரேனியத்துக்கு 'லீட்சோ' என்று பெயர். மஞ்சள் மண் என்பது பொருள். கதிரியக்கம் என்பதற்கோ அம்மொழியில் சொல்லே இருக்கவில்லை. சொல்லிக் கொடுக்கவும் எவரும் வரவில்லை.

வெடி வைத்த புகை அடங்குமுன் உள்ளே இறங்கினார்கள். பாறையில் கசிந்த நீரைக் குடித்தார்கள். தூசு படிந்த உடையோடு வீடு திரும்பினார்கள். அதை மனைவிமார் துவைத்தார்கள். சுரங்கத்துக் கல்லால் வீடு கட்டிக் குடியிருந்தவர்களும் உண்டு. யுரேனியப் பாறையிலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அது சிதைந்து உண்டாகும் நுண்துகள்கள் தூசோடு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்க்கு வித்திடுகின்றன. தடுக்கும் வழி என்ன? காற்றோட்டம்! விசிறி வைத்து நல்ல காற்றை உள்ளே செலுத்தினால் ஆபத்து வெகுவாகக் குறையும். விசிறிக்குக் காசு வேண்டுமே. கம்பெனியின் கணக்கில் தொழிலாளியின் நுரையீரல் அதைவிட மலிவு!

தெரியாமல் நடந்ததா? ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரை நுரையீரல் புற்று கொல்கிறது என்று 1879-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்து விட்டார்கள். 1950-ல் அமெரிக்க சர்க்காரின் பொதுச் சுகாதாரத் துறையே சுரங்கத் தொழிலாளரைச் சோதிக்கத் தொடங்கியது. இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள். ஆனால் 'உன் வேலையில் உயிருக்கு ஆபத்து' என்று மட்டும் சொல்லவில்லை. சொல்வதில்லை என்பதே கம்பெனிகளோடு செய்துகொண்ட ஏற்பாடு. நாடு முழுமைக்குமான ரேடான் வரம்பு 1967-ல்தான் வந்தது. பதினேழு ஆண்டுகள்!

நவஹோ மக்களில் புகைப்போர் குறைவு. நுரையீரல் புற்றும் அபூர்வம். 1969 முதல் 1993 வரை நவஹோ ஆண்களிடம் கண்ட 94 நுரையீரல் புற்றுகளை ஆராய்ந்தபோது, அவர்களில் 63 பேர் யுரேனியச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் என்று தெரிந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

1979 ஜூலை 16-ல் சர்ச் ராக் என்னுமிடத்தில் ஆலைக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து, 9 கோடி காலனுக்கும் மேற்பட்ட நச்சுநீர் பியூர்கோ ஆற்றில் பாய்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் திரீ மைல் தீவு அணு உலை விபத்துக்கு உலகமே அலறியது. இங்கே பாழானது பழங்குடியின் ஆறு. பத்திரிகைகளுக்கு அது சிறு செய்தி.

விதவைகள் வழக்குத் தொடுத்தார்கள். முன்னாள் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் உடால் அவர்களுக்காக வாதாடினார். சர்க்கார் மீது வழக்குச் செல்லாது என்றன நீதிமன்றங்கள். போராடிப் போராடி 1990-ல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது: சுரங்கத் தொழிலாளிக்கு 1,00,000 டாலர். அதிலும் ஒரு முட்டுக்கட்டை! தம் மரபுப்படி மணந்த கிழவியிடம் திருமணப் பத்திரம் கேட்டார்கள். வேலை செய்ததற்குக் கம்பெனிச் சீட்டுக் கேட்டார்கள். 2000-ல்தான் விதிகள் தளர்ந்தன.

2005-ல் நவஹோ மன்றம் தன் நாட்டில் யுரேனியம் தோண்டுவதையே தடை செய்தது. பழங்குடி நிலத்தில் முதல் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் டூபா சிட்டியில் 2019-ல்தான் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500-க்கு மேல். இழப்பீட்டுச் சட்டமோ 2024 ஜூனில் காலாவதியாயிற்று. 2025 ஜூலையில் மீண்டும் உயிர் பெற்றது. 1971-க்குப் பின் 1990 முடிய உள்ள காலத்தில் இறங்கியவர்களுக்கும் இப்போது உரிமை உண்டு. விண்ணப்பிக்கக் கெடு 2027 டிசம்பர் 31.