ஜப்பானிய விளையாட்டுக்களின் நாயகியரும் எமது இளையோரும்

கையடக்கத் தொலைபேசியின் திரையிலே பெரிய விழிகளும் வண்ணக் கூந்தலும் கொண்ட சித்திர நங்கையொருத்தி தோன்றி ஏதோ வினவுகின்றாள். அதற்குரிய விடைகள் மூன்று கீழே தரப்படுகின்றன. அவற்றுள் எதைத் தெரிவு செய்வது என்று வீட்டுப் பிள்ளை நெடுநேரம் யோசித்துக் கொண்டிருக்கின்றான். இதனைக் காணும் பெற்றோர் பலரின் உள்ளத்தில் எழுவது இரண்டே எண்ணங்கள்தாம். பிள்ளையின் படிப்புக் கெட்டுவிட்டது என்பது ஒன்று. இது ஏதோ ஆகாத விடயம் என்பது மற்றையது. அந்த விளையாட்டு எத்தகையது, அதிலே நல்லது எது, தீயது எது என்று விசாரித்து அறிய முற்படுவோர் மிகச் சிலரே.

பெற்றோரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. இந்த விளையாட்டுக்கள் தோன்றி வளர்ந்த ஆண்டுகளில் நாம் எங்கிருந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த அறியாமைக்கான காரணம் விளங்கும். இவ்வகை விளையாட்டுக்களுக்கு வழிகாட்டியாக அமைந்த "டோக்கிமெக்கி மெமோரியல்" ஜப்பானில் வெளிவந்தது 1994ஆம் ஆண்டில். அப்போது குடாநாடு மின்சாரம் இழந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. மின்நிலையம் அமைந்திருந்த சுன்னாகத்திலேயே குப்பி விளக்கின் ஒளியில்தான் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். கமத்தொழிலையும் காதலையும் இணைத்த "ஹார்வெஸ்ட் மூன்" 1996 ஓகஸ்ட்டில் வெளிவந்தபோது, முந்திய ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் இடம்பெயர்ந்த வலிகாமம் மக்கள், பற்றையேறிக் கிடந்த தமது தோட்டங்களுக்குத் திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆகவே, இன்றைய பெற்றோர் தமது இளமையில் இத்தகைய விளையாட்டை ஆடியும் பாராமல், ஆடுவோரைக் கண்டும் அறியாமல் வளர்ந்தவர்கள். பிள்ளைகளோ அதனுள்ளே பிறந்தவர்கள். இந்த இடைவெளியை நிரப்பும் சிறு முயற்சியாகவே இக்கட்டுரை அமைகின்றது.

முதலில் இவ்விளையாட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பார்ப்போம். ஆடுபவர் கதையின் நாயகனாக ஒரு பாத்திரத்தை ஏற்கின்றார். போர், பயணம், புதையல் என்பன ஒருபுறம் நடக்க, மறுபுறம் கதையில் வரும் பெண் பாத்திரங்களோடு உரையாடி, பழகி, நட்புக் கொண்டு, விரும்பினால் காதலும் கொள்ளலாம். "டோக்கிமெக்கி மெமோரியல்" விளையாட்டை வெளியிட்டது கொனாமி நிறுவனம். அதில் ஆடுபவர் உயர்நிலைப் பாடசாலை மாணவன். அவனுக்குத் தரப்படுவது மூன்று ஆண்டுகள். கல்வி, விளையாட்டு, கலை என்று ஒவ்வொரு வாரத்தையும் எதற்குச் செலவிடுவது என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும். அயல் வீட்டுத் தோழியான ஷியோரியின் மனத்தை வெல்ல வேண்டுமாயின் எல்லாத் துறைகளிலும் சிறந்து விளங்க வேண்டும். அவளையே எண்ணி ஏனைய தோழியரைப் புறக்கணித்தால் அவர்களின் மனக்கசப்பு ஏனையோரிடமும் பரவும். மூன்று ஆண்டுகள் முடிந்ததும், பாடசாலை மரத்தடியில் ஒரு பெண் வந்து தன் மனத்தைத் திறக்கக்கூடும். எவரும் வராமலும் போகலாம். தோல்விக்கு இடம் தந்த விளையாட்டு அது.

எமது இலக்கிய மரபை அறிந்தோருக்கு இது முற்றிலும் புதியதன்று. தலைவன், தலைவி, இருவருக்கும் இடையே தூது செல்லும் தோழி, தலைவனுக்குத் துணையாகும் பாங்கன் என்று அகத்திணையிலே பாத்திரங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஜப்பானிய விளையாட்டிலும் நாயகனுக்கு ஒரு பாங்கன் உண்டு. எந்தப் பெண்ணுக்கு எது விருப்பம், அவளது தொலைபேசி இலக்கம் எது என்றெல்லாம் அறிந்து வந்து சொல்வதே அவன் பணி. களவொழுக்கத்தை இலக்கணமாக வகுத்த மொழியினருக்குக் காதல் என்ற சொல்லைக் கண்டதும் அச்சம் எழ வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று.

அது என்னவென்பதை இவ்விளையாட்டுக்களின் வளர்ச்சியை நோக்கினால் அறியலாம். 1996இல் சேகா நிறுவனம் வெளியிட்ட "சகுரா வார்ஸ்", போர் விளையாட்டையும் காதற் கதையையும் இணைத்தது. 1920களின் டோக்கியோவில் மேடை நடிகையராகவும் நகரைக் காக்கும் வீராங்கனையராகவும் விளங்கும் பெண்களின் கதை அது. அடுத்த கட்டமாக, 2009இல் கொனாமி வெளியிட்ட "லவ் பிளஸ்" விளையாட்டில் கதைக்கு முடிவே இல்லை. நாயகி நாள்தோறும் ஆடுபவரின் வருகைக்காகக் காத்திருப்பாள். அதே வரிசையில் 2019இல் கையடக்கத் தொலைபேசிக்கென வந்த புதிய பதிப்பு 2020இலேயே நிறுத்தப்பட்டது. நிறுவனம் சேவையை நிறுத்தியதும் நாயகியும் மறைந்துபோனாள். தொடக்க கால விளையாட்டிலே காலம் வரையறுக்கப்பட்டிருந்தது. நாயகிக்குத் தனக்கென ஒரு மனமும் விருப்பு வெறுப்பும் இருந்தன. பிந்திய பலவற்றிலே காலத்துக்கும் எல்லையில்லை, பணத்துக்கும் எல்லையில்லை. நல்ல விளையாட்டையும் அல்லாததையும் பிரித்தறியும் உரைகல் இதுவே என்பது எமது கருத்து. கதை எங்கேனும் முடிகின்றதா, நாயகிக்குத் தன் வாழ்வு என்று ஒன்று இருக்கின்றதா, அவள் மறுக்கக்கூடுமா என்ற மூன்று வினாக்களையும் எந்த விளையாட்டின் முன்னும் எழுப்பிப் பார்க்கலாம்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்து, எமது இளையோருக்கு ஏற்றவையெனக் கருதும் சிலவற்றை இங்கு பரிந்துரைக்கின்றோம்.

சிறுவர் முதற்கொண்டு யாவரும் ஆடத்தக்கது "ஹார்வெஸ்ட் மூன்" மரபிலே வந்த விளையாட்டு வரிசை. ஆங்கிலத்தில் இப்போது "ஸ்டோரி ஒஃப் சீசன்ஸ்" என்ற பெயரில் வெளிவருகின்றது. இதனை உருவாக்கிய யசுஹிரோ வாடா, மியசாக்கி மாகாணத்திலிருந்து டோக்கியோவுக்குச் சென்றவர். தாம் விட்டுவந்த நாட்டுப்புற வாழ்வின் நினைவே இதற்கு வித்தானது. நிலத்தைப் பண்படுத்தி, விதைத்து, நீர் பாய்ச்சி, விளைந்ததை விற்று, ஊராரோடு பழகி, ஒருத்தியை மணந்து குடும்பமாவதே இதன் கதை. செம்மண் தோட்டத்தில் கிணற்று நீர் பாய்ச்சி வெங்காயம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை இதனை ஆடும்போது, தகப்பனின் தொழில் ஓர் உலகளாவிய விளையாட்டின் கருப்பொருளாகியிருப்பதைக் கண்டு வியப்பான். எனினும், திரையில் நீர் பாய்ச்சிய கையோடு வீட்டுத் தோட்டத்துக்கும் நீர் பாய்ச்சுமாறு அவனிடம் சொல்வது பெற்றோரின் பொறுப்பாகும்.

மேல் வகுப்பு மாணவருக்கு "ரூன் ஃபக்டரி" வரிசையைச் சொல்லலாம். 2006இல் தொடங்கிய இவ்வரிசை, கமத்தோடு சாகசப் பயணத்தையும் சேர்த்தது. நாயகியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொழிலும் குணமும் கதையும் உண்டு. இவ்வரிசையின் நான்காவது விளையாட்டின் திருத்திய பதிப்பு ஆங்கிலத்தில் கிடைக்கின்றது. 2025இல் வெளிவந்த "கார்டியன்ஸ் ஒஃப் அசுமா" பழைய ஜப்பானிய மரபின் சாயலிலே அமைந்த ஒரு நாட்டைக் களமாகக் கொண்டது.

கதைச் சிறப்பு வேண்டுவோருக்கு "டிராகன் குவெஸ்ட் 5". யுஜி ஹொரியின் கதையமைப்பில் 1992இல் வெளிவந்த இது ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் சொல்கின்றது. சிறுவனாகத் தந்தையின் கைபிடித்து நடந்தவன், அத்தந்தையை இழந்து, பத்தாண்டுகள் அடிமையாக உழன்று மீள்கின்றான். பின்னர் இருவருள் ஒருத்தியை மனைவியாகத் தெரிவு செய்ய வேண்டிய கட்டம் வருகின்றது. ஒருத்தி, மலைக் கிராமத்தில் நோயுற்ற தந்தையைப் பராமரிக்கும் இளமைக்காலத் தோழி பியங்கா. மற்றையவள் செல்வந்தரின் மகள் ஃபுளோரா. இந்தத் தெரிவு சரியா தவறா என்று ஜப்பானில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதம் நடக்கின்றது. சீதனம் என்ற சொல்லின் பாரத்தை அறிந்த எமது வீடுகளிலும் இது நல்லதொரு விவாதத்தைத் தொடக்கி வைக்கும். கதையின் பிற்பகுதியில் உலகைக் காக்கப் பிறந்த வீரன் நாயகனல்லன், அவனது மகனே என்பது தெரியவருகின்றது. இதன் கையடக்கத் தொலைபேசிப் பதிப்பை ஒருமுறை பணம் செலுத்தி வாங்கினால் போதும் என்பது கூடுதல் நன்மை.

பதினேழு வயதைக் கடந்தோருக்கு மட்டும் நாம் சொல்லக்கூடியது "பெர்சோனா 4". அட்லஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்டது. நகரத்து மாணவன் ஒருவன் ஓராண்டு காலத்துக்கு மாமன் வீட்டில் தங்கவென ஒரு சிற்றூருக்கு வருகின்றான். அங்கே புதிதாகத் திறக்கப்பட்ட பேரங்காடியால் பழைய கடைத்தெரு நொடிந்து போயிருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக நடத்தப்படும் குடும்ப விடுதியைத் தானும் ஏற்கத்தான் வேண்டுமா என்று ஒரு பெண் தவிக்கின்றாள். தாயை இழந்த சிறுமியொருத்தி, பொலிஸ் அதிகாரியான தந்தை வீடு திரும்பும் வரை தனித்திருக்கின்றாள். சந்தையாலே பெயர் பெற்ற சுன்னாகத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. இவர்களோடு பழகுவதே விளையாட்டின் பெரும்பகுதி. காதல் கட்டாயமன்று, நட்போடு நின்றுவிடவும் முடியும். ஆயினும் கதை கொலைகளைப் பற்றியது. அமெரிக்கத் தரப்படுத்தல் இதனைப் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கென வகுத்திருப்பதை மறத்தலாகாது.

இவற்றின் உரையாடல்கள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஒரு நாவலை வாசிக்கும் அளவுக்கு நீண்டவை. ஆங்கிலப் பாடத்தை அஞ்சும் மாணவன், கதையை அறியும் ஆவலில் அகராதியைப் புரட்டுவானாயின் அதுவும் ஒரு பயனே.

இனி எச்சரிக்கைகள். முதலாவது வயது. ஜப்பானில் 2002இல் அமைக்கப்பட்ட தரப்படுத்தல் அமைப்பு, விளையாட்டுக்களை அனைவருக்கும், 12, 15, 17, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என ஐந்தாக வகுக்கின்றது. அட்டையிலோ விற்பனைப் பக்கத்திலோ இக்குறியீடு இருக்கும். அனிமே சித்திரம் என்பதனாலேயே அது சிறுவருக்கு உரியதென்று எண்ணுவது பெருந்தவறு. இதே சித்திரப் பாணியில் வளர்ந்தோருக்கு மட்டுமான ஆபாச விளையாட்டுக்களும், பாடசாலைச் சிறுமியரை இழிவாகச் சித்திரிப்பனவும் உள்ளன. அவற்றுக்கு வீட்டில் இடமளிக்கக் கூடாது.

இரண்டாவது பணம். இலவசமெனத் தரப்படும் பல விளையாட்டுக்களில் விரும்பிய நாயகியைப் பெறுவதற்குக் குலுக்கல் முறை உண்டு. காசு போட்டுத் திருகினால் ஏதேனுமொரு பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரால் இது "காச்சா" எனப்படுகின்றது. சீன நிறுவனமொன்று 2020இல் வெளியிட்ட அனிமே பாணியிலான "கென்ஷின் இம்பக்ட்" விளையாட்டில், அரிதான பாத்திரமொன்று ஒரு குலுக்கலிலே கிடைப்பதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 வீதம். அதாவது ஆயிரத்தில் ஆறு. தொண்ணூறாவது குலுக்கலுக்குள் ஏதேனும் ஒன்று உறுதியாகக் கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தாலும், அதுவரை கரைவது காலமும் பணமுமே. இவ்விளையாட்டின் வெளியீட்டாளர் 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுக்கு 2 கோடி டொலர் செலுத்த இணங்கியதோடு, பெற்றோரின் சம்மதமின்றிப் பதினாறு வயதுக்குக் குறைந்தோருக்கு இத்தகைய குலுக்கலை விற்பதும் தடுக்கப்பட்டது. ஜப்பானிலேயே இதன் ஒரு வகை 2012இல் தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டிலிருக்கும் உறவினரின் வங்கி அட்டை இலக்கம் பிள்ளையின் தொலைபேசியில் பதிந்திருக்குமாயின் அதனை இன்றே நீக்கிவிடுவது நன்று.

மூன்றாவது எச்சரிக்கையே எல்லாவற்றிலும் பெரியது. இவ்விளையாட்டுக்கள் பலவற்றில் நாயகியின் அன்பு ஓர் அளவுகோலாகத் திரையில் நிற்கும். நாள்தோறும் பரிசளித்தால் அது ஏறும். நிறைந்ததும் அவள் இணங்குவாள். நல்ல விளையாட்டுக்களிலும் இக்குறை உண்டு. வாழ்க்கையிலோ எந்தப் பெண்ணிடமும் அத்தகைய அளவுகோல் கிடையாது. அவள் வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதே அதன் பொருள். தனியார் கல்வி நிலையங்களின் வாசலிலும் ஒழுங்கை முடக்குகளிலும் மாணவியரைப் பின்தொடர்ந்து சென்று தொல்லை கொடுப்பதைக் காதல் என்று எண்ணும் இளைஞர்கள் இருக்கும் சமூகத்தில் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. விளையாட்டை மறைத்து வைப்பதால் இப்பாடத்தைக் கற்பிக்க முடியாது. பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இந்தப் பிள்ளை உன்னை விரும்பாவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்கும் தாயாலும் தகப்பனாலும் முடியும்.

பிறமொழியிலிருந்து வரும் காதற் கதையைக் கண்டு மருண்ட ஊரன்று சுன்னாகம். காளிதாசரின் மேகதூதத்தை "மேகதூதக் காரிகை"யாகத் தமிழுக்குத் தந்த அ. குமாரசாமிப் புலவர் இவ்வூரவரே. 1930இல் நா. பொன்னையா தொடங்கிய "ஈழகேசரி" இங்கிருந்தே வெளிவந்து, இளைஞர் பலரை எழுத்தாளராக்கியது. அந்த இளைஞர்கள் பிறர் எழுதியதை வாசிப்பதோடு நின்றுவிடவில்லை; தாமும் எழுதினார்கள். விளையாட்டுத் துறையிலும் அதற்கு முன்மாதிரி உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தியின் சமையற் குறிப்பேட்டைக் கருவாகக் கொண்டு, ரொறன்ரோ நகரில் உருவாகி 2023இல் வெளிவந்த "வெண்பா", அடுத்த ஆண்டில் பிரித்தானியாவின் பாஃப்டா விருதைப் பெற்றது. ஜப்பானியர் தமது சிற்றூரையும் கமத்தையும் கடைத்தெருவையும் கதையாக்கி உலகுக்குத் தந்ததைப் போல, எமது ஊரையும் ஒருவர் தரக்கூடும்.

அவர் இன்று ஏதோவொரு வீட்டின் மூலையில், திரையைப் பார்த்தபடி மூன்று விடைகளுள் ஒன்றைத் தேடிக் கொண்டிருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே, பெற்றோர் தடுக்க வேண்டியதைத் தடுத்து, தெரிந்தெடுக்க வேண்டியதைப் பிள்ளையோடு சேர்ந்து தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.