கடுகளவு வண்டு, காப்பித் தோட்டத்துக்கே கேடு!

காப்பிக் காயில் ஒரு சின்னஞ்சிறு துளை. துளைக்குள் ஒரு கறுப்பு வண்டு. இதற்கு முன் பார்த்தறியாத வண்டு!

அது என்ன வண்டு? எப்படித் தெரிந்துகொள்வது?

கொடைக்கானலுக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கும் ஊர் வெள்ளகவி. ஊருக்குள் செருப்பு அணிவது இல்லை என்பது அங்குள்ள வழக்கம். நெடுங்காலம் அந்த ஊருக்குச் சாலை கிடையாது. விளைந்ததைத் தலையில் சுமந்தோ, குதிரை மேல் ஏற்றியோதான் வெளியே கொண்டுபோனார்கள்.

அங்கு விளையும் பொருள்களில் காப்பியும் ஒன்று. பாடுபட்டுச் சுமந்த மூட்டையில் பொத்தல் கொட்டை இருந்தால், விலை குறைந்துவிடும். ஓராண்டு உழைப்பு வீண்! ஆகவே மலை விவசாயிகள் இந்த வண்டை அடையாளம் தெரிந்துகொள்வது அவசியம்.

மூட்டையில் வந்த கள்ளன்

இதன் பெயர் காப்பிக் காய்துளைப்பான். பிறந்த இடம் ஆப்பிரிக்கா.

1867-ல் பெராரி என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். அவர் இதைத் தோட்டத்தில் கண்டுபிடிக்கவில்லை. விற்பனைக்கு வந்த காப்பிக் கொட்டைக்குள் கண்டுபிடித்தார். மூட்டையோடு மூட்டையாக வண்டும் கப்பல் ஏறிவிட்டது!

இந்தியாவில் 1990-ல், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் இது முதன்முதலாகத் தென்பட்டது. பிறகு வயநாடு, குடகு என்று பரவியது.

இது கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டு அரிசியில் காணும் மூக்கு வண்டுக்குத் தூரத்து உறவு. ஆனால் இதற்கு நீண்ட மூக்கு கிடையாது.

தொப்புளைப் பாருங்கள்

வண்டின் நீளம் 2 மில்லி மீட்டருக்கு மேல் போகாது. நிறம் கறுப்பு. ஆனால் வண்டைத் தேடுவதை விடத் துளையைத் தேடுவது சுலபம்.

காம்புக்கு எதிர்ப்பக்கம், காயின் நுனியில் தொப்புள் போல ஒரு வட்டம் இருக்கும். குண்டூசி முனை அளவுத் துளை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே கொட்டை குடையப்பட்டிருக்கும். காலில்லாத வெள்ளைப் புழுக்களும் இருக்கலாம்.

துளை போடுவது பெண் வண்டு. அது கொட்டைக்குள்ளேயே முட்டை இடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை வண்டாகிவிடும். ஆண் வண்டுக்குப் பறக்கத் தெரியாது. பிறந்த காயிலேயே அதன் வாழ்வு முடிந்துவிடும்.

ஏமாந்துவிடாதீர்கள்

துளை காயில் இல்லாமல் சிறு கிளையில் இருந்தால், அது வேறு வண்டு. காய்ந்த கொட்டையில் இதைவிடப் பெரிய, புள்ளி விழுந்த பழுப்பு வண்டு இருந்தால், அதுவும் வேறு.

சந்தேகம் வந்தால், வண்டையும் காயையும் ஒரு சிறு சீசாவில் போட்டு மூடுங்கள். பழனி மலையில் தாண்டிக்குடியிலேயே காப்பி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே காட்டிக் கேட்கலாம்.

ஒரு காயும் மிஞ்சக் கூடாது

அறுவடை முடிந்த பிறகு வண்டு எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. செடியில் விட்டுப்போன காயிலும், தரையில் உதிர்ந்த காயிலும் ஒளிந்திருக்கும். அடுத்த காய்ப்பு வந்ததும் புறப்பட்டுவிடும்.

ஆகவே செடியில் ஒரு காய்கூட விடாமல் பறிக்க வேண்டும். பறிக்கும்போது கீழே படுதா விரித்தால் காய் சிதறாது. உதிர்ந்ததையும் பொறுக்கிவிட வேண்டும். துளை விழுந்த காய்களைக் கொதிக்கும் நீரில் போட்டால் உள்ளே இருக்கும் வண்டு செத்துவிடும்.

கொட்டையை நன்றாகக் காயவைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். ஈரக் கொட்டையில்தான் வண்டு பெருகும். வெளியூர்ப் பழஞ்சாக்கைச் சோதிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வண்டு ஊர் விட்டு ஊர் வருவது பெரும்பாலும் சாக்கு மூட்டையில்தான்!